ஜோமார்த்துக்கு ஒரு குதிரை

ஜோமார்த் இறந்த வருஷத்திலிருந்து கோக்-கெச்சூ கிராமத்தில் யாருக்கும் இரத்தம் கொட்டுவதில்லை. மனிதர்களுக்கும் இல்லை, ஆடுமாடுகளுக்கும் இல்லை. கத்தி பட்டால் தோல் பிளக்கும், உள்ளே சிவப்பு தெரியும், பிறகு யாரோ வேண்டாம் என்று சொன்னது போல மூடிக்கொள்ளும். ஆற்றுப் பாலத்தைத் தாண்டிவிட்டால் எல்லாம் உலகத்தில் உள்ளபடியே நடக்கும்.

அவன் இறந்த அந்த வருஷம் ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஜோமார்த் விடுப்பில் வந்திருந்தான். சிறப்புப் படையில் களமருத்துவ வீரனாக இருந்தான். படித்தது செவிலியர் படிப்புதான் என்றாலும் படையிலும் ஊரிலும் எல்லோருக்கும் அவன் டாக்டர். அன்று காலையில் முற்றத்தில் உட்கார்ந்து மனைவி சாய்ராவோடு தக்காளி ஊறுகாய் போட்டுக்கொண்டிருந்தான். அவள் கண்ணாடி ஜாடிகளில் தக்காளியை அடுக்கி உப்புத் தண்ணீர் ஊற்ற, அவன் தகர மூடியை வைத்துத் திருகியால் சுற்றிச் சுற்றி இறுக்கினான். குண்டடி பட்டவன் காலில் கட்டுப் போடுகிற மாதிரி இறுக்குகிறீர்களே, பனிக்காலத்தில் திறக்கப்போகிறவள் நான்தானே என்று அவள் சலித்துக்கொண்டாள். "ஒழுகக்கூடாது சாய்ரா. ஒழுகுச்சுன்னா என் பேரு கெட்டுடும்" என்றான் அவன். கொஞ்சம் ஜாடிகள் மிச்சமிருக்கும்போது மூடிகள் தீர்ந்துபோயின. வாங்கி வருகிறேன் என்று எழுந்து கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் ராணுவ ஜீப் வந்து நின்றது. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆயுதங்களோடு ஆட்கள் கணவாய்க்குள் இறங்கிவிட்டார்கள், விடுப்பில் இருப்பவர்கள் எல்லோரும் திரும்ப வேண்டும் என்று சொன்னார்கள். அவன் தக்காளி மணக்கும் கையோடு வண்டியில் ஏறினான்.

செப்டம்பரில் ஊர்ப் பெரியவர்கள் சிலர் சேர்ந்து அவன் வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் பக்கத்தில் சாவை நேராகச் சொல்வதில்லை. கூட வந்த படை அதிகாரிக்கும் அது தெரிந்திருந்ததால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே நின்றார். பெரியவர்கள் உட்கார்ந்தார்கள், ரொட்டியைப் பிட்டார்கள், வானிலையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு மூத்தவர் ஜோமார்த்தின் தாய் உல்புபுவிடம், "கையில வெச்சு வளர்த்த ராஜாளி பறந்துபோச்சுன்னா வளர்த்தவங்க என்னம்மா பண்ண முடியும்" என்று கேட்டார். உல்புபு அவர் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த தேநீர்க் கிண்ணத்தைச் சிந்தாமல் கீழே வைத்தாள். "எந்தப் பக்கமா பறந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள். அதிகாரி கணவாயின் பெயரைச் சொன்னார்.

முற்றத்தில் இழவுக்கான கம்பளிக் கூடாரம் எழுப்பினார்கள். உடலைக் கழுவியவர்களில் அவன் அண்ணன் தொலோகோனும் ஒருவன். கழுவிய தண்ணீர் ஊற்றியபோது எப்படி இருந்ததோ அப்படியே தெளிவாக வெளியே ஓடியது, உடலில் ஒரு சொட்டு இரத்தம் இல்லை, தம்பி வெயிலில் காய்ந்த துணியைப் போல லேசாக இருந்தான் என்று அவன் சொன்னான். சாய்ராவுக்குக் கறுப்பு உடுத்திக் கறுப்புத் துணியைத் தலையில் கட்டி, சுவரைப் பார்த்து உட்கார வைத்தார்கள். ஆண்கள் வெளியே கம்பில் சாய்ந்து நின்று அழுதார்கள். வந்தவர்களுக்குச் சமைக்க, ஊரில் எல்லா விசேஷத்துக்கும் ஆடு அறுக்கும் சாத்திபல்டி, ஒரு கிடாவைப் படுக்கவைத்து இறைவன் பெயரைச் சொல்லிக் கத்தியை இழுத்தான். கத்தி போயிற்று. இரத்தம் வரவில்லை. கழுத்தில் ஒரு வாய் திறந்தது போல இருந்து மூடிக்கொண்டது. கிடா தும்மிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தது. கத்தி மழுங்கிவிட்டதென்று வேறு கத்தி கொடுத்தார்கள், வேறு கிடாவும் கொடுத்தார்கள். இருட்டும்வரை முயன்றும் எதுவும் சாகவில்லை. மாவட்டம் முழுவதிலிருந்தும் வந்த ஜனம் ரொட்டியும் வாதுமைப் பருப்பும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனது. ஒரு வீரனின் இழவு வீட்டில் கறி இல்லை என்கிற பேச்சு எங்களுக்கு முன்னாலேயே அடுத்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்தடுத்த மாதங்களில் விஷயம் தெளிவாயிற்று. ரம்பத்தில் கை மாட்டிக்கொண்டவன் கையை எடுத்துப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தான். பள்ளிக்கூடத்தில் பையன்களுக்குச் சண்டை போட்டு மூக்கு உடைகிற சுகம் போய்விட்டது. பிரசவத்தில் போய்விடுவாள் என்று பெரிய மருத்துவமனையில் பயமுறுத்தி அனுப்பிய பெண் ஒருத்தி, பாலத்துக்கு இந்தப் பக்கம் தன் அக்காள் வீட்டில் பிள்ளை பெற்று, படுக்கை விரிப்பை மடித்து அப்படியே அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள். அதன் பிறகு நிறைமாதப் பெண்கள் வண்டி கட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தி இருந்தாள். வீட்டு ஆட்டை அறுக்க வேண்டுமென்றால் பாலத்தைத் தாண்டி ஓட்டிக்கொண்டு போய் அந்தக் கரையில் அறுத்தோம். தொழுகை நடத்தும் மோல்தோ, இரத்தம் வடியாத இறைச்சி ஆகாது என்பதில் மட்டும் உறுதியாக இருந்தார். மற்றபடி இது எந்தக் கிதாபிலும் இல்லாத விஷயம், பொறுத்துப் பார்ப்போம் என்றார்.

பொறுத்துப் பார்க்க முடியாதது ஒன்று இருந்தது, அது ஆண்டுப் படையல். செத்தவனுக்கு வருஷம் திரும்பும்போது அவன் வாசலிலேயே ஒரு குதிரையை அறுத்து ஊரைக் கூட்டிச் சாப்பாடு போட வேண்டும். அன்றைக்குத்தான் அவன் ஆன்மா இந்த வாசலை விட்டுப் போகும், அன்றைக்குத்தான் மனைவியின் கறுப்பைக் களைந்து, துக்கம் முடிந்ததற்கு அடையாளமாக வெள்ளை கட்டுவார்கள். ஆட்டைப் பாலத்துக்கு அப்பால் அறுக்கலாம், படையல் குதிரையை அப்படிச் செய்ய முடியாது. "என் தம்பி என்ன வழிப்போக்கனா, ரோட்டோரத்துல சோறு போட?" என்று தொலோகோன் கேட்டான். படையல் நடக்காவிட்டால் ஜோமார்த் நடுவிலேயே நிற்பான், சாய்ரா கறுப்பிலேயே கிழவியாவாள். ஆனால் ஊரில் வேறொரு பேச்சும் மெதுவாக நடந்தது. அவன் போகாமல் நிற்பதால்தானே இரத்தம் நிற்கிறது, படையல் போட்டு அவனை அனுப்பிவிட்டால் பெண்களின் கதி என்ன என்று கேட்டார்கள். இதைச் சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் வீட்டில் நிறைமாத மகள் இருந்தாள், அவ்வளவுதான். இந்தப் பேச்சு காதில் விழுந்தபோது உல்புபு எழுந்து நின்று, எல்லோரும் கேட்கும்படி, "வருஷம் பூரா நின்னுக்கிட்டே இருக்கான் என் புள்ள. அவனுக்குக் கால் வலிக்காதா?" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எதிரில் யாரும் எடுக்கவில்லை.

வருஷம் முடியும் வாரத்தில், வடக்கே நாரின் நகரத்துப் பக்கத்திலிருந்து எர்மெக் என்கிற இளைஞன் ஒரு செம்பழுப்புக் குதிரையோடு வந்தான். இடது காலை இழுத்து நடந்தான். கணவாயில் ஜோமார்த் கடைசியாகக் கட்டுப் போட்டது அந்தக் காலுக்குத்தான். நடந்ததை அவன் உல்புபுவிடமும் சாய்ராவிடமும் சொன்னான், அவர்கள் வழியாக நாங்கள் எல்லோரும் அறிந்தோம். பாறைகளுக்கு நடுவில் இருவருக்கும் குண்டு பட்டிருந்தது. தனக்குப் பட்டதை டாக்டர் சொல்லவில்லை. பையில் இரத்தத்தை நிறுத்தும் இறுக்குக்கட்டு ஒன்றுதான் மிச்சமிருந்தது. அதை எர்மெக்கின் தொடையில் கட்டிவிட்டுத் தன் தொடையைக் கையால் பொத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். இவன் தூங்கிவிடக்கூடாது என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். உங்கப்பா குதிரை வளர்க்கிறவராமே, செம்பழுப்பில் ஒன்று எனக்குக் கொடுப்பாரா, இல்லை என் சம்பளத்துக்குக் கழுதைதான் கிடைக்குமா என்று கேட்டார். கொடுப்பார் டாக்டர் என்று சொன்னதுதான் எர்மெக்குக்குக் கடைசியாக நினைவிருந்தது. ஹெலிகாப்டர் வந்தபோது இவன் நினைவிழந்து கிடந்தான், அவர் உட்கார்ந்தபடியே இருந்தார்.

படையலன்று காலையில், முற்றத்தில் மறுபடி கம்பளிக் கூடாரம் எழுப்பி, அந்தக் குதிரையையே வாசலுக்குக் கொண்டு வந்தார்கள். ஒரு வருஷம் போய்விட்டது, மனசு இரங்கியிருப்பான் என்று தொலோகோன் நம்பினான். கால்களைக் கட்டித் தொழும் திசையான கிப்லாவைப் பார்த்துப் படுக்கவைத்தார்கள். மோல்தோ ஓதினார். சாத்திபல்டி அன்றைக்கென்று தீட்டி வைத்திருந்த கத்தியை இழுத்தான். குதிரை ஒருமுறை கண் சிமிட்டியது. வெட்டு விளிம்போடு விளிம்பு சேர்ந்து, வெள்ளைக் கோடாகி, கோடும் மங்கியது. கட்டை அவிழ்த்துவிட்டதும் எழுந்து உடம்பை உதறிக்கொண்டு வேலியோரத்துப் புல்லைக் கடித்தது. சாத்திபல்டி கத்தியைத் துடைத்தான், துடைக்க அதில் ஒன்றுமில்லை. "ஒத்துக்க மாட்டேங்கிறான்ப்பா. உயிரோட இருந்தப்பவே உன் தம்பி யார் பேச்சைக் கேட்டான்?" என்று தொலோகோனிடம் சொல்லிவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தான். தொலோகோன் கூடாரத்துக்கு வெளியே தரையில் உட்கார்ந்து தொப்பியை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டான். ஒன்பது ஊர் ஜனம் முற்றத்தில் நின்றது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

அப்போதுதான் எர்மெக், படையில் ஒரு வழக்கம் உண்டு என்று சொன்னான். மலையிலிருந்து இறங்கியதும் எல்லோரும் துப்பாக்கியை இறக்குவார்கள், தண்ணீர் குடிப்பார்கள், டாக்டர் மட்டும் முதுகுப் பையைக் கழற்றாமல் நிற்பார். ஒவ்வொருவரும் அவர் முன்னால் வந்து பெயரைச் சொல்லி, நல்லா இருக்கேன் என்று சொல்ல வேண்டும். கடைசி ஆளும் சொன்ன பிறகுதான் அவர் பை முதுகிலிருந்து இறங்கும். அன்றைக்கு நான் சொல்லவில்லை, சொல்லும் நிலையில் இல்லை, அவரை ஹெலிகாப்டரிலிருந்து இறக்கும்போது பை முதுகிலேயே இருந்ததாம் என்றான் எர்மெக். "அவருக்கு இன்னும் டியூட்டி முடியல அம்மா" என்று உல்புபுவிடம் சொன்னான். பிறகு கூடாரத்து வாசலில் போய் விறைப்பாக நின்று, "எர்மெக். நல்லா இருக்கேன் டாக்டர்" என்றான். கூடாரத்தின் கம்பளி உள்ளிருந்து யாரோ சாய்ந்தது போல லேசாகப் புடைத்தது. காற்று இல்லாத காலை அது. எல்லோரும் பார்த்தோம். யாரும் ஆச்சரியப்படவில்லை, அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று புரிந்தது.

அவன் பொறுப்பில் இப்போது இருப்பது ஒரு படைப்பிரிவு இல்லை, ஓர் ஊர் என்று சொன்னவர் மோல்தோ. அதனால் ஊரே வரிசையில் நின்றது. இழவு வீட்டில் அழுதுகொண்டு வருவதுதான் எங்கள் முறை, அன்று அழாமல் வந்தோம். சாத்திபல்டி முதலில் போய், "சாத்திபல்டி. நல்லா இருக்கேன். முட்டிதான் கொஞ்சம் வலிக்குது" என்றான். எர்மெக் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, "அதெல்லாம் சொல்லாதீங்க மாமா, பையத் திறந்துடுவாரு" என்றான். வரிசையில் சிரிப்பு ஓடியது, ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்த முற்றத்தில் கேட்ட முதல் சிரிப்பு. பள்ளிக்கூடத்து வாத்தியார் சொன்னார். மோல்தோ சொன்னார். எங்கள் ஊரில் பிள்ளை பெற வந்திருந்த பெண்களில் ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று, பெயரைச் சொல்லி, "நல்லா இருக்கேன் அண்ணே. ஆனா ஒரு பத்து நாள் பொறுத்துக்குங்க" என்று கெஞ்சினாள். அதில் தப்பில்லை என்று எல்லோருக்கும் தோன்றியது. தொலோகோன் தொப்பியை எடுத்துவிட்டு வந்தான். பெயரைச் சொன்னான், பாக்கியைச் சொல்ல நேரம் பிடித்தது. ஒவ்வொருவர் சொல்லும்போதும் கம்பளி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து உள்வாங்கியது, பெருமூச்சு விடுகிறவன் நெஞ்சு இறங்குவதைப் போல.

உல்புபுவை இருவர் பிடித்துக் கூட்டி வந்தார்கள். அவள் அவர்களை விலக்கிவிட்டுத் தனியாக நின்றாள். "உல்புபு" என்றாள், ஏதோ அலுவலகத்தில் கூப்பிட்டது போல. பிறகு குரல் இறங்கியது. "நான் நல்லா இருக்கேன்டா. ரொட்டி சாப்பிட்டேன். மாத்திரை போட்டேன். நீ போய்த் தூங்கு." அவள் நன்றாக இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த வருஷத்தில் அவள் பாதியாகியிருந்தாள். ஆனால் அவள் வாழ்க்கை முழுக்க மகனிடம் இப்படித்தான் சொல்லி வந்தாள், அவனும் அம்மாவை அதற்கு மேல் கேட்டதில்லை. கம்பளி இன்னும் இறங்கிக் கூடாரத்துக் கழிகளோடு ஒட்டிக்கொண்டது. உள்ளே ஏதோ வாரை அவிழ்க்கிற சத்தம் கேட்டதாகப் பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள்.

சாய்ரா ஒருத்திதான் பாக்கி. பெண்கள் அவளைச் சூழ்ந்து கறுப்பைக் களைந்தார்கள். வெள்ளைத் துணியைத் தலையில் கட்டி, இனி உன் பாதை வெளிச்சமாகட்டும் என்று வாழ்த்தி, வாசலுக்குக் கொண்டு வந்தார்கள். குதிரை அறுக்காமலேயே இதைச் செய்யலாம் என்று மோல்தோ தலையசைத்தார். அவள் வாசலில் நின்றாள். "சாய்ரா" என்று தன் பெயரைச் சொன்னாள். பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

காத்திருந்தோம். வேலியோரத்தில் குதிரை புல் கடிக்கிற சத்தம் கேட்டது. ஊர் இரண்டு மனசாக நின்றது. அவள் சொல்லிவிட வேண்டும் என்று பாதி, சொல்லாமல் போகட்டும் என்று பாதி. உல்புபு மருமகளின் முழங்கையைத் தொட்டாள்.

"சொல்லிடும்மா. அவன் களைச்சிருக்கான்."

"பொய் சொன்னா அவருக்குத் தெரிஞ்சிடும் அத்தை" என்றாள் சாய்ரா. "நாடி பிடிச்சுப் பார்ப்பாரு."

"ரெண்டு வார்த்தைதானே."

"நீங்க சொன்னீங்க, விட்டுட்டாரு. என்னை விடமாட்டாரு. எங்க வலிக்குதுன்னு கேப்பாரு. நான் என்ன சொல்லட்டும்?"

உல்புபு கையை எடுக்கவில்லை. தன் மகன் தூங்க வேண்டும் என்பது அவளுக்கு ஒரே ஆசை. ஆனால் காயம் இருப்பவளை இல்லை என்று சொல்லவைத்து மருத்துவனை அனுப்புவது சரியில்லை என்பதும் ஒரு மருத்துவனைப் பெற்றவளுக்குத் தெரியும். கடைசியில் அவள் கூடாரத்தைப் பார்த்து, "இன்னும் ஒரு ஆளு பாக்கிடா. இருந்து பாத்துட்டு வா" என்றாள். சாய்ராவைக் கூட்டிக்கொண்டு போய் அடுப்பங்கரையில் உட்காரவைத்தாள். ஆறு பேர் சேர்ந்து, பாலத்துக்கு அந்தப் பக்கம் அறுத்து வைத்திருந்த ஆட்டுக்கறியைக் கொண்டு வந்தார்கள். பிலாவ் சோறு ஆறிப்போயிருந்தது. எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். அது படையல்தானா இல்லையா என்று மோல்தோவிடம் யாரும் கேட்கவில்லை, அவரும் தானாகச் சொல்லவில்லை.

மறுநாள் காலை தொலோகோன் சேணம் தைக்கும் ஊசியால் தன் கட்டைவிரலைக் குத்திப் பார்த்தான். வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்து மறைந்தது. ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு வேலையைப் பார்த்தான்.

அதற்குப் பிறகு வருஷங்கள் போயின. படையிலிருந்து வந்து பள்ளிக்கூடத்துக்கு ஜோமார்த்தின் பெயரை வைத்தார்கள், வாசலில் துப்பாக்கியோடு அவன் படம் ஒன்றையும் மாட்டினார்கள். துப்பாக்கி சரி, பை எங்கே என்று உல்புபு சண்டை போட்டதில் படத்தைக் கழற்றிக்கொண்டு போய்ப் பையும் வரைந்து கொண்டு வந்தார்கள். உல்புபு ஒரு வசந்தத்தில் தூக்கத்திலேயே போனாள். மகனுக்கு வாங்கித் தர முடியாத தூக்கம் தாய்க்குக் கிடைத்தது என்றார்கள். எர்மெக் கல்யாணம் செய்துகொண்டான். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் வந்து கூடாரம் இருந்த இடத்தில் நின்று தன் பெயரைச் சொல்லிவிட்டு, சாய்ராவின் வீட்டுக்கு விறகு பிளந்து போட்டுவிட்டுப் போகிறான். செம்பழுப்புக் குதிரை அறுபடாமல், கிழடாகி, பல் விழுந்து, தானாகச் செத்தது. கர்ப்பிணிகளுக்காக மாவட்ட நிர்வாகம் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பேருந்து நிறுத்தம் கட்டிக் கொடுத்தது. ஏன் இந்த ஊருக்கு மட்டும் என்று காரணம் எதுவும் கோப்பில் எழுதப்படவில்லை.

சாய்ரா பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்க்கிறாள். அவளைப் பெண் கேட்டு வந்தார்கள், அனுப்பிவிட்டாள். சிரிக்கிறாள், சண்டை போடுகிறாள், கல்யாண வீடுகளில் பாடுகிறாள், வெள்ளைத் துணிதான் கட்டுகிறாள். ஊரில் சிலர் அவளுக்காக வருத்தப்படுகிறார்கள். சிலர், அவர்களில் பெரும்பாலும் பெண்கள், அவளுக்காக வருத்தப்படுவதா, நன்றி சொல்வதா என்று தெரியாமல் அவள் வீட்டு வாசலில் பால் வைத்துவிட்டுப் போகிறார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவரைப் பார்த்தால் முதலில் நலம் விசாரிக்காமல் வேறு பேச்சு எடுக்க முடியாது. அதனால் தினமும் காலையில் அவள் போகிற வழியில் எல்லோரும் எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறோம். பாத்திரத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டு, "இருக்கேன்" என்கிறாள்.